கடலோடும் தொழிலதிபரும் மாற்றுத்திறனாளிகளின் பாய்மரப் படகும்: வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரம் முழுவதும் தொழிற்சாலையையோ ஏற்றுமதி நிறுவனத்தையோ நடத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைமுக நீரில் பாய்மரப் படகு ஓட்டுகிற தொழிலதிபர்கள் சென்னையில் உண்டு. அப்படிப்பட்ட ஒருவர், மாற்றுத்திறனாளிகளுக்குப் பாய்மரப் படகோட்டம் கற்றுத்தரும் அறக்கட்டளை ஒன்றுக்குத் துணைநிற்க விரும்பினால், உடனே கேள்விகள் எழுகின்றன. அவருடைய ஆடிட்டர் சட்டத்தைப் பற்றிக் கேட்பார், ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ சக்கர நாற்காலியில் வாழும் பிள்ளையின் தாய் உயிரைப் பற்றிக் கேட்பார், காசிமேட்டுக்காரர், "இவர்களுக்கு இது எதற்கு?" என்று கேட்பார். அவற்றில் திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது.

கை கால் இயங்காத ஒருவரால் உண்மையிலேயே படகை ஓட்ட முடியுமா, அல்லது உட்கார வைத்து அழைத்துப் போவதைத்தான் அப்படிச் சொல்கிறார்களா?

ஓட்ட முடியும். உட்கார வைத்து அழைத்துப் போவது உல்லாசப் பயணம். அதில் தவறு ஒன்றுமில்லை என்றாலும் இங்கே பேசப்படுவது அதுவன்று. பாய்மரப் படகை நகர்த்தும் வேலையைக் காற்று செய்கிறது. ஓட்டுபவர் சுக்கானைத் திருப்ப வேண்டும், பாயின் கயிற்றை இறுக்கவோ தளர்த்தவோ வேண்டும், காற்று எந்தப் பக்கம் மாறுகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மூன்றாவது வேலைக்கு உடல் வலு தேவையே இல்லை. முதல் இரண்டையும் கருவிகளைக் கொண்டு செய்துகொள்ளலாம்.

பிரிட்டனைச் சேர்ந்த ஹிலரி லிஸ்டர் தலையையும் கண்களையும் வாயையும் மட்டுமே அசைக்கக்கூடியவராக இருந்தார். வாயருகே பொருத்திய குழாய்களில் ஊதியும் உறிஞ்சியும் சுக்கானையும் பாயையும் இயக்கி 2005இல் ஆங்கிலக் கால்வாயைத் தனியே கடந்த அவர், 2009இல் பிரிட்டனை முழுவதுமாகச் சுற்றி வந்தார். 2014இல் ஓமன் நாட்டு நஷ்வா அல் கிண்டியோடு சேர்ந்து மும்பையிலிருந்து மஸ்கட் வரை அரபிக் கடலைக் கடந்தார். அவர் மறைந்தது 2018இல். அவருக்கு முன்பே, 18 வயதில் கடலில் பாய்ந்தபோது கழுத்து முறிந்து உடல் செயலிழந்த ஜெஃப் ஹோல்ட், 2007இல் 15 அடிப் படகு ஒன்றில் பிரிட்டனைச் சுற்றி வந்திருக்கிறார். இவர்கள் இருவருக்கும் கரையில் ஒரு துணைக்குழு இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். துணைக்குழு இருந்ததனால் படகை ஓட்டியவர் அவரில்லை என்று ஆகிவிடாது.

எந்த வகைப் படகு? கவிழ்ந்துவிடாதா?

உலகெங்கும் இந்தப் பணிக்கு அதிகம் பயன்படுவது ஆஸ்திரேலியாவில் உருவான ஹன்சா வகைப் படகு. முன்பு இதற்கு ஆக்சஸ் என்று பெயர். இதில் ஹன்சா 303 என்னும் வகை, பெயருக்கேற்ப 3.03 மீட்டர் நீளமுள்ளது. இருவர் அருகருகே, முன்னோக்கி, துணித் தொட்டில் போன்ற இருக்கையில் தாழ்வாக உட்காரலாம். சாதாரணச் சிறு பாய்மரப் படகில் ஓட்டுபவர் விளிம்பில் அமர்ந்து, காற்றுக்கு ஏற்ப இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவித் தம் உடல் எடையால் படகைச் சமநிலையில் வைத்திருப்பார். ஹன்சாவில் தாவ வேண்டிய தேவையே இல்லை. படகின் நடுவே நீருக்குள் இறங்கும் பலகையில் சுமார் 30 கிலோ எடை சேர்க்கப்பட்டிருப்பதாலும், உட்காருபவரின் எடை நீர்மட்டத்துக்கு அருகிலேயே இருப்பதாலும், காற்று அடித்தால் படகு சாயும், பிறகு தானாக நிமிரும். இரு கால்களுக்கு இடையே நிற்கும் ஒரு தடியை வலப்புறமும் இடப்புறமும் தள்ளினால் சுக்கான் திரும்பும். கையில் வலு குறைந்தவர்களுக்கு மின் மோட்டாரால் இயங்கும் சிறு நெம்புகோலும் உண்டு.

எந்தச் சூழ்நிலையிலும் கவிழாத படகு என்று உலகில் எதுவும் கிடையாது. ஆகவே பாதுகாப்புப் படகு ஒன்று அருகில் இல்லாமல் இவற்றை நீரில் இறக்கக் கூடாது. நிதி குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இதில் தொழிலதிபருக்கு என்ன வேலை? காசோலை எழுதிக் கொடுத்தால் போதாதா?

காசோலை வேண்டும், அது மட்டும் வந்தால் போதாது. பாய்மரம் ஏறாத கொடையாளர் படகுகளை வாங்கிக் கொடுப்பார், தொடக்க விழாவுக்கு வருவார், நாளிதழில் படம் வரும், அவ்வளவில் தம் கடமை முடிந்தது என்று நினைப்பார். கடலோடிய கொடையாளருக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். உப்புக் காற்றில் கப்பிகள் இறுகும், வெயிலில் பாய்த்துணியின் தையல் விட்டுப்போகும், எஃகுக் கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளிருந்து அரித்துப்போகும். படகு வாங்கும் செலவு ஒரு முறைதான் வருகிறது. பராமரிப்பு, பாதுகாப்புப் படகுக்கான டீசல், பயிற்றுநரின் ஊதியம், கழிப்பறை வசதியுள்ள வாகனம், காப்பீடு ஆகியவை ஆண்டுதோறும் வருகின்றன. எந்த அறக்கட்டளையும் படகில்லாமல் மூடப்படுவது அரிது; நடத்தும் செலவில்லாமல் மூடப்படுவதே வழக்கம். இதை அறங்காவலர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, ஐந்து ஆண்டுக்கான நடத்தும் செலவுக்கு எழுத்தில் உறுதிகொடுக்கக்கூடியவர் கடலோடும் தொழிலதிபர். அவரிடமிருந்து பெற வேண்டிய முதல் உதவி இதுவே என்பது என் கருத்து.

இதற்கு வெளிநாட்டில் நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. பிரிட்டனில் மலையேற்ற, பனிச்சறுக்குப் பொருள்களை விற்கும் ஸ்னோ அண்ட் ராக் கடைகளைத் தொடங்கிய மைக் பிரவுன், பனிச்சறுக்கு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியிலேயே படகு முழுவதும் சுற்றி வந்து ஓட்டும் வகையில் 60 அடி நீளமுள்ள இரட்டை உடல் பாய்மரப் படகு ஒன்றைக் கட்டுவித்து, அதற்கு இம்பாசிபிள் டிரீம் என்று பெயர் வைத்தார். தமக்காகக் கட்டிய அந்தப் படகு பின்னர் பிறருக்கும் பயன்பட்டது. மேலே சொன்ன ஜெஃப் ஹோல்ட் அதில்தான் அட்லாண்டிக்கைக் கடந்து 2010 ஜனவரியில் கரீபியத் தீவொன்றை அடைந்தார். அது பிற்பாடு அமெரிக்காவின் மயாமிக்குச் சென்று, அங்கே மாற்றுத்திறனாளிகளைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் பணியில் ஈடுபட்டது.

என்னிடம் பழைய பாய்மரப் படகு ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே கொடுத்துவிடலாமா?

பெரும்பாலும் வேண்டாம். தளம் உயரமாக உள்ள படகில் சக்கர நாற்காலியிலிருந்து ஒருவரை ஏற்றுவதற்கு நான்கு பேர் தூக்க வேண்டியிருக்கும்; தூக்கப்படுபவருக்கு அது பிடிக்காது, தூக்குபவரின் முதுகும் தாங்காது. அதை விற்று வரும் பணத்தைக் கொடுங்கள்.

இதற்கு வடசென்னையில் இடம் எங்கே இருக்கிறது? இங்கே கடற்கரை என்றாலே கருங்கல்தானே?

கேட்பவர் சொல்வது சரிதான். ராயபுரம் முதல் எண்ணூர் வரை பெரும்பகுதியில் கடலுக்கும் சாலைக்கும் நடுவே கருங்கல் கொட்டப்பட்டிருக்கிறது. இதற்குக் காரணம் துறைமுகமேதான். இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு மணல் தென்புறத்தில் தங்கி மெரினாவை அகலமாக்கியது; வடபுறத்தில் மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போனது. மெரினாவில் 2022 நவம்பரில் மாற்றுத்திறனாளிகளுக்காக 263 மீட்டர் நீள மரப்பாதை திறக்கப்பட்டபோது, தெற்கே மணல் அகலமாக இருப்பதால் பாதை தேவைப்பட்டது. வடக்கே பாதை போட மணலே இல்லை.

ஆனால், கரையை எடுத்துக்கொண்ட அதே துறைமுகம் அலையடிக்காத நீரையும் தன்னுள்ளே வைத்திருக்கிறது. துறைமுகத் தலைவராக இருந்த பொறியாளர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், கிழக்கே இருந்த நுழைவாயிலை அடைத்து வடகிழக்குக்கு மாற்றியமைத்தவர். 1911இல் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைத் தொடங்கியவரும் அவரே. நூறாண்டுக்கு மேலாகத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகோட்டம் நடந்துவருகிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் துறைமுகப் பகுதியில்தான் பயிற்சி அளிக்கிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னைக்காரர். இப்படி ஒரு மரபு கூப்பிடு தூரத்தில் இருந்தும், கல்மண்டபத்தில் வளரும் பிள்ளைக்குத் துறைமுகச் சுவரின் வெளிப்பக்கம் மட்டுமே தெரியும். வடசென்னைக்காரர்கள் இழந்த கரைக்கு ஈடாக அந்த நீரின் ஒரு மூலையையாவது கேட்பதில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். கிளப் உறுப்பினரும் தொழிலதிபருமான ஒருவர் அதைக் கேட்டால், அவர் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கும்.

துறைமுகத்துக்குள் நினைத்தபோது நுழைய முடியாது. அனுமதிச் சீட்டு வேண்டும். வாயிலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் சோதிப்பார்கள். பயிற்சி பெறுவோர், துணைக்கு வருவோர், வாகன ஓட்டுநர் என்று அனைவரின் பெயரும் முன்கூட்டியே போய்ச்சேர வேண்டும். இந்த எழுத்து வேலையைச் செய்வதற்கென்றே ஓர் ஆள் தேவைப்படுவார். அவருடைய சம்பளமும் முன்பு சொன்ன நடத்தும் செலவில் சேரும்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகம், எண்ணூர் முகத்துவாரம், பழவேற்காடு ஆகிய இடங்கள் ஒத்துவராதா?

காசிமேட்டில் விசைப்படகுகளும் லாஞ்சுகளும் நெருக்கியடித்து நிற்கின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகளின் போக்குவரத்துக் குறைந்தாலும், அந்த நாள்களில் மீனவர்கள் படகுகளைப் பழுதுபார்ப்பதால் துறையில் இடம் இருக்காது. எண்ணூரில் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கசிந்த எண்ணெய் முகத்துவாரம் முழுவதும் பரவியது. உணர்ச்சியற்ற தோலில் காயம் இருந்தால் அழுக்கு நீர் ஆபத்தானது என்பதால் அங்கே செல்லத் தயங்க வேண்டும். பழவேற்காடு ஏரி ஆழம் குறைந்தது, அழகானது. ஆனால் ராயபுரத்திலிருந்து போய்வரவே அரை நாள் ஆகிவிடும், பறவைகள் சரணாலயம் என்பதால் தனி அனுமதியும் வேண்டும்.

எங்கள் நிறுவனத்தின் சிஎஸ்ஆர் (நிறுவனச் சமூகப் பொறுப்பு) நிதியை இதற்குச் செலவிடலாமா?

ஆடிட்டர்கள் கேட்கும் கேள்வி இது. செலவிடலாம்; சில நிபந்தனைகள் உண்டு.

2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆம் பிரிவு வகுத்தபடி, நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய் அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்ற அளவை எட்டிய நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அச்சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கல்வியும் தொழில்திறனும் ஓரிடத்திலும், தேசிய அளவில் அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு, ஒலிம்பிக் விளையாட்டு, பாராலிம்பிக் விளையாட்டு ஆகியவற்றுக்கான பயிற்சி இன்னோரிடத்திலும் இடம்பெற்றுள்ளன. பாய்மரப் படகோட்டம் தற்போது பாராலிம்பிக்கில் இல்லை, ஒலிம்பிக்கில் இருக்கிறது. ஆகையால் தீர்மானத்தில் எந்தத் தலைப்பின்கீழ் எழுதுகிறோம் என்பதில் கவனம் தேவை.

பணம் பெறும் அறக்கட்டளை வருமான வரித்துறையில் பதிவு பெற்றிருப்பதோடு, சிஎஸ்ஆர்-1 படிவம் வழியாகப் பதிவெண்ணும் வாங்கியிருக்க வேண்டும். அந்த நிறுவனமே தொடங்காத வெளி அறக்கட்டளையாக இருந்தால், அதே போன்ற பணியில் மூன்று ஆண்டு அனுபவம் காட்ட வேண்டும். நேற்றுப் பதிவுசெய்த படகு அறக்கட்டளைக்கு இது பெரிய தடை. ஏற்கெனவே மாற்றுத்திறனாளிகளுக்காகப் பணியாற்றிவரும் அமைப்பொன்றின் திட்டமாக இதைத் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அதனால் இன்னொரு நன்மையும் உண்டு: யாருக்கு எந்த உதவி வேண்டும் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

வாங்கும் படகுகள் நிறுவனத்தின் சொத்தாகவோ கிளப்பின் சொத்தாகவோ இருக்கக் கூடாது. பதிவெண் பெற்ற அறக்கட்டளையின் பெயரிலோ, பயனாளிகளின் பெயரிலோ, அரசு அமைப்பின் பெயரிலோதான் இருக்க வேண்டும். பொருளாகக் கொடுப்பதை ரூபாயாக மதிப்பிட்டுக் கணக்கில் காட்ட முடியாது. ஊழியர்கள் தன்னார்வமாக வந்து உழைக்கும் நேரத்தையும் காட்ட முடியாது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு நிறுவனத்தின் சொந்த சிஎஸ்ஆர் நிர்வாகத்துக்கானது. பயிற்றுநரின் ஊதியத்தையும் டீசலையும் அதற்குள் அடக்கப் பார்ப்பது சில நிறுவனங்களின் பழக்கம். அவை திட்டச் செலவு என்பதை ஒப்பந்தத்திலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

நான் லண்டனில் படித்தபோது அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் பாய்மர அறக்கட்டளையைப் பார்த்தேன். சிஎஸ்ஆர் நிதியை அதற்கு அனுப்பலாமா?

அனுப்பினால் சிஎஸ்ஆர் கணக்கில் வராது. இந்தியாவுக்கு வெளியே செய்யும் பணிகளை விதி விலக்கி வைத்திருக்கிறது. தேசிய அளவில் மாநிலத்தையோ பன்னாட்டு அளவில் இந்தியாவையோ சார்ந்து போட்டியிடும் வீரர்களின் வெளிநாட்டுப் பயிற்சிக்கு மட்டும் அதில் இடமுண்டு. உங்கள் சொந்தப் பணத்தை அனுப்புவது தனிக்கதை. என்னைக் கேட்டால், அவர்களிடமிருந்து பயிற்றுநர் ஒருவரைச் சில வாரங்களுக்கு இங்கே வரவழைப்பது கூடுதல் பயன் தரும்.

பாயில் எங்கள் நிறுவனத்தின் பெயரைப் போட்டுக்கொள்ளலாமா?

நிறுவனத்தின் பொருளுக்கோ சேவைக்கோ விளம்பரப் பயன் கருதிச் செய்யும் ஆதரவு சிஎஸ்ஆர் ஆகாது என்று 2021இல் திருத்திய விதி சொல்கிறது. பெயரைப் பெரிதாகப் போட வேண்டுமென்றால் விளம்பரச் செலவிலிருந்து கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 2018 பந்தயத்தில் முதுகெலும்பு முறிந்து, டைட்டானியம் கம்பிகளோடு மீண்டு வந்து, தனியே உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தை 2023இல் இரண்டாமவராக முடித்த அபிலாஷ் டோமியின் படகுக்கு, அவரை ஆதரித்த பயானத் நிறுவனத்தின் பெயர்தான். அது வெளிப்படையான விளம்பர ஆதரவு. இரண்டையும் ஒரே கணக்கில் கலப்பதுதான் தவறு.

எங்களுடையது சிறிய லேத் பட்டறை. சிஎஸ்ஆர் வரம்புக்குள் வர மாட்டோம். நாங்கள் என்ன செய்ய முடியும்?

பெரிய நிறுவனத்தால் செய்ய முடியாததைச் செய்யலாம். சக்கர நாற்காலியிலிருந்து படகில் இறக்கும் பாரந்தூக்கிக்குத் துருப்பிடிக்காத எஃகில் சட்டம் செய்வது, விரல் மடங்காதவர் பிடிப்பதற்கு ஏற்ப சுக்கான் தடியின் தலையை மாற்றுவது, ஒரு கை மட்டும் உள்ளவர் கயிற்றைப் பல்லில் கடிக்காமல் நிறுத்திவைக்கும் கொக்கியைப் பொருத்துவது எல்லாம் ஒவ்வொருவருக்கும் அளவெடுத்துச் செய்ய வேண்டியவை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் விசைப்படகு வேலை பார்த்த கைகளுக்கு இவை கடினமல்ல. நன்கொடையாகப் பணம் கொடுத்தால், கொடுப்பவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கச் செய்யும் 80ஜி பதிவுள்ள அறக்கட்டளைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது.

சக்கர நாற்காலியிலிருந்து படகில் எப்படி ஏற்றுவார்கள்?

பார்க்காதவர்களுக்கு இது பெரும் ஐயமாக இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கரைக்கும் நீருக்கும் நடுவே ஒரு மிதவை மேடை இருக்க வேண்டும். சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் என்பது நமக்கு ஒரு வசதி. சக்கர நாற்காலிக்கான சரிவு 12க்கு 1 என்ற அளவில் இருக்க வேண்டும் என்பதால், ஒரு மீட்டர் இறக்கத்துக்கு 12 மீட்டர் நீளமுள்ள சரிவுப்பாதை போதும். இரும்புத் தகட்டில் அதைச் செய்தால் பக்கவாட்டில் விளிம்பு உயர்த்தி, மேலே சொரசொரப்பான பூச்சு அடிக்க வேண்டும்.

மேடையில் படகு இரண்டு கயிறுகளால் இறுக்கிக் கட்டப்பட்டிருக்கும். ஏறப்போகிறவர் வருவதற்கு முன்பே ஒருவர் இருக்கையின் மீது வாளியால் நீரூற்றிக் கையை வைத்துப் பார்ப்பார். சித்திரை, வைகாசி வெயிலில் ஃபைபர் தளம் தோலைப் பொசுக்கிவிடும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவருக்குப் பொசுங்குவது தெரியாது, வீட்டுக்குப் போய் ஆடை மாற்றும்போதுதான் கொப்புளத்தைப் பார்ப்பார். பிறகு மெத்தை விரிக்கப்படும். தொடைக்கும் முதுகுக்கும் கீழே துணித்தூளி செருகிப் பாரந்தூக்கியின் கொக்கியில் மாட்டுவார்கள். நெம்புகோலை இயக்குபவர் அவசரப்பட மாட்டார். மேலே எழும்போது, சிறுநீர் வெளியேறப் பொருத்தியிருக்கும் குழாய் எங்கேயும் நசுங்கவில்லையா, பாதம் விளிம்பில் உரசவில்லையா என்று இன்னொருவர் பார்த்துக்கொண்டே வருவார். எப்போது தூக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்பதைத் தூளியில் இருப்பவர்தான் சொல்வார். அவரிடம் கேட்காமல் அவருடைய உடலைத் தொடுவதில்லை என்பதை முதல் நாளே எல்லாத் தன்னார்வலர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். கிளப்பில் மூத்த உறுப்பினரான முதலாளிக்கும் இது பொருந்தும்.

இருக்கையோடு சேர்த்துப் பெல்ட் போட்டுக் கட்டுவதைத் தவிர்க்க வேண்டும். உடலை நிமிர்த்திவைக்கப் பட்டை தேவைப்படுபவருக்கு, ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பட்டையைப் பயன்படுத்தி, கழற்றிப் பார்த்த பிறகே கரையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

என் மகனுக்கு நீச்சல் தெரியாது. கழுத்துக்குக் கீழே உணர்ச்சியும் இல்லை. நான் எப்படி அனுப்புவது?

அம்மா, நீச்சல் தெரியாததைவிட வெயிலைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். தண்டுவடம் மேல்பகுதியில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது; உடல் சூடேறிக்கொண்டே போகும். ஈரத்துணி, நீர் தெளிப்பான், நிழல் ஆகியவற்றோடு காலையில் குறுகிய நேரம் மட்டும் போகலாம். சிறுநீர்ப்பை நிரம்பினாலோ குழாய் மடங்கினாலோ அவருக்குத் திடீரென்று கடும் தலைவலி வந்து, முகம் சிவந்து, இரத்த அழுத்தம் ஏறக்கூடும். அது அவசர நிலை. நிமிர்ந்து உட்கார வைத்து, குழாயைச் சரிசெய்து, தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். இதை அறிந்த ஒருவர் பாதுகாப்புப் படகில் இருக்கிறாரா என்று நீங்களே கேளுங்கள். இல்லை என்றால் அனுப்ப வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டிலும் வகைகள் உண்டு. 50 நியூட்டன் மிதப்பு விசை உள்ளது நீந்தத் தெரிந்தவருக்கு உதவி. 150 நியூட்டன் அளவுள்ளது, செயலற்றுக் கிடப்பவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பிவிடக் கூடியது. உங்கள் மகனுக்கு இரண்டாவது வகைதான் வேண்டும். முதல் பயணத்துக்கு முன் ஆழமில்லாத நீச்சல் குளத்தில் அதை அணிவித்துப் பார்ப்பது நல்லது. ஏனென்றால் தசையிறுக்கம் உள்ளவர்களின் உடல் நீரில் எப்படித் திரும்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவருக்கு மருத்துவம் பார்க்கும் மருத்துவரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதலும் தேவை. முதல் முறை நீங்களும் பாதுகாப்புப் படகில் வரலாம்.

ஆண்டில் எந்த மாதங்களில் நடத்தலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். ஏப்ரலுக்குப் பிறகு காலையில் காற்று மெலிந்திருக்கும், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். புதியவர்கள் அதற்குள் கரைசேர்ந்துவிட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் இருப்பதால் படகுகளைக் கரையேற்றிப் பராமரிப்பு வேலையைப் பார்க்கலாம். நீர்ப்பரப்பில் வெண்நுரைத் தலைகள் பரவலாகத் தெரியத் தொடங்கினால், காற்று ஏறக்குறைய மணிக்கு 11 முதல் 16 கடல் மைல் (நாட்) வேகத்தில் வீசுகிறது என்று பொருள்; அன்றைக்குக் கற்றுக்கொள்பவர்களை இறக்கக் கூடாது.

மீனவர்களுக்கு இதில் என்ன பங்கு?

பாதுகாப்புப் படகை ஓட்டுவதற்கு இந்தக் கரையில் அவர்களைவிடத் தகுதியானவர்கள் இல்லை. கரையிலிருந்து கடல்நோக்கி வீசும் காற்று சிறு படகை எவ்வளவு விரைவாக இழுத்துக்கொண்டு போகும் என்பதை அவர்களுக்குப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. ஆனால் அவர்களைத் தன்னார்வலர் என்று அழைத்துச் சும்மா வேலை வாங்கக் கூடாது. அன்றைய தொழிலை விட்டு வருபவருக்கு அன்றைய கூலியைக் கொடுக்க வேண்டும். கடலில் அடிபட்டுத் தொழிலைவிட்ட மீனவர்களும் குப்பங்களில் உண்டு. கடலறிவு மிக்க அவர்கள் இங்கே மாணவராக வந்து, சில மாதங்களில் பயிற்றுநராகிவிட முடியும்.

பாராலிம்பிக் பதக்கம் வாங்க வாய்ப்பு இருக்கிறதா?

இப்போதைக்கு இல்லை. 1996 அட்லாண்டாவில் காட்சிப் போட்டியாக நுழைந்த பாய்மரம், 2000 சிட்னி முதல் 2016 ரியோ வரை பதக்கப் போட்டியாக இருந்து, டோக்கியோவில் நீக்கப்பட்டது. பாரிஸிலும் இல்லை, 2028 லாஸ் ஏஞ்சலிஸ் பட்டியலிலும் இல்லை. பன்னாட்டுப் போட்டிகள் தனியே நடக்கின்றன. நீர் விளையாட்டில் பதக்கமே குறிக்கோள் என்பவர்களுக்குப் பாரா படகு துடுப்புப் போட்டி பொருத்தமாக இருக்கலாம். டோக்கியோ பாராலிம்பிக்கில் போட்டியிட்ட பிராச்சி யாதவ், ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் தங்கம் வென்றார். மற்றபடி, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 30ஆம் பிரிவு விளையாட்டில் பங்கேற்பதை உரிமையாகவே பேசுகிறது. அதற்குப் பதக்கம் நிபந்தனையில்லை.

ஆதரவு தரும் தொழிலதிபரே அறக்கட்டளையின் தலைவராக இருக்கலாமா? அவருடைய ஆர்வம் ஒரு நாள் குறைந்துவிட்டால்?

பணம் தருபவரும் தலைவரும் ஒருவராக இல்லாதிருப்பது நல்லது. அறங்காவலர்களில் பாதிப்பேராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்க வேண்டும் என்று பத்திரத்தில் எழுதினால், எந்தப் படகு வாங்குவது, யாரைப் படமெடுப்பது போன்றவற்றை அவர்களே முடிவு செய்வார்கள். கனடாவின் வான்கூவரில், உடல் செயலிழந்த சாம் சல்லிவன் 1980களின் இறுதியில் மாற்றுத்திறனாளிகள் பாய்மரச் சங்கத்தை உருவாக்கினார். பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர், சக்கர நாற்காலி வீரர் ரிக் ஹான்சனுக்கு 1986இல் பரிசளித்த சிறு படகொன்றுதான் அதற்கு வித்து. படகு வந்தது பிரதமரிடமிருந்து. நடத்தியவர் அதில் அமர்ந்து ஓட்ட வேண்டியவர். சல்லிவன் பிற்காலத்தில் அந்நகரின் மேயராகவும் ஆனார்.

ஆர்வம் குறைவது ஒருபுறமிருக்க, நல்ல பெயரும் நீண்ட வரலாறும் இருந்தாலும் பணம் தீரலாம். பிரிட்டனின் ஜூபிலி செய்லிங் டிரஸ்ட் 1978இல் தொடங்கி, மாற்றுத்திறனாளிகளும் மற்றவர்களும் சேர்ந்து இயக்கும் லார்ட் நெல்சன், டெனேஷியஸ் என்னும் இரு பெரும் பாய்க்கப்பல்களைக் கட்டியது. 2019இல் ஒரே வாரத்தில் பத்து லட்சம் பவுண்டு திரட்டியாக வேண்டிய நெருக்கடி வந்தபோது மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் 2023 டிசம்பரில் அது திவால் நிர்வாகத்தின் கைக்குப் போனது. பெரிய கப்பலின் செலவும் பெரிது என்பது ஒரு காரணம். வடசென்னையில் நான்கைந்து சிறு படகுகளோடு தொடங்கச் சொல்வது அதனால்தான். ஓர் ஆண்டின் நடத்தும் செலவை வங்கியில் வைப்புநிதியாக ஒதுக்கி, இரு அறங்காவலர் கையெழுத்தில்லாமல் தொட முடியாதபடி செய்ய வேண்டும். ஆதரவை நிறுத்த விரும்பும் நிறுவனம் ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். அறக்கட்டளை கலைந்தால் படகுகளும் பாரந்தூக்கியும் மிதவை மேடையும் இதே பணியைச் செய்யும் வேறோர் அமைப்புக்குத்தான் போக வேண்டும், விற்பனைக்குப் போகக் கூடாது என்ற வரியையும் முதல் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும்.